ஊரைக் கொஞ்சம் சுற்றிக் காட்டு

லாக்லன் கொண்டுவந்த கரித்துண்டு எரியவில்லை.

புத்தாண்டு பிறந்த கையோடு டகல் அதை ஆசையாசையாகக் கணப்பில் வைத்தான். சுற்றிலும் இருந்த கரியெல்லாம் செக்கச்செவேலென்று கனன்று சாம்பலாகிப் போயிற்று. அது மட்டும் வைத்தது வைத்தபடி நடுவில் கிடந்தது. மறுநாளும் அப்படியே. இரண்டாம் தேதி காலை யூனா சாம்பல் அள்ளக் குனிந்தபோது அதைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. இரண்டு இரவு நெருப்புக்குள் கிடந்த பொருள், ஓடையிலிருந்து அப்போதுதான் எடுத்த கல் மாதிரி சில்லென்று நனைந்திருந்தது; அடியில் சாம்பலில் ஈரம் கசிந்து ஒரு வட்டம் விழுந்திருந்தது. விரலை முகர்ந்தாள். உப்பு வாடை அடித்தது.

"கடல்ல நனைஞ்ச கரி. காயட்டும், தானா எரியும்," என்றான் அவள் கணவன் டகல், பஸ் டிரைவர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே.

"ரெண்டு நாளா நெருப்புல காயாததா இனிமே காயப்போகுது?"

"அப்ப உன் அண்ணன்கிட்ட கேளு. கொண்டுவந்தவன் அவன்தானே."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் யூனாவுக்கு அண்ணனிடம் எதையும் கேட்க வாய் வரவில்லை. மூன்று வருடம் கழித்து வந்தவன், கட்டிப்பிடித்து அழுதாயிற்று, அதன் பிறகு எப்படிச் சந்தேகப்படுவது? சந்தேகம் என்றுகூட அதற்குப் பெயர் வைக்க முடியாது. செருப்புக்குள் போன மணல் போல, எங்கே உறுத்துகிறது என்று காட்ட முடியாமல் உறுத்திக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் வருடம் பிறந்து மணியடித்த பிறகு முதலில் வாசற்படி தாண்டுபவன் கறுத்த முடிக்காரனாக இருக்க வேண்டும், கையில் கரித்துண்டு இருக்க வேண்டும். இருந்தால் வருடம் முழுக்க அடுப்பும் அணையாது, வயிறும் காயாது. செம்பட்டைத் தலை நுழைந்தால் அந்த வீடு விளங்காது. டகலுக்கோ தலை கேரட் நிறம். போன வருடம் குடிமயக்கத்தில் இவனே முதல் ஆளாக உள்ளே வந்து தொலைத்தான். அந்த வருடம்தான் யூனாவின் வயிற்றில் இருந்தது ஐந்தாம் மாதத்தில் போயிற்று. இனி உண்டாகாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மகள் எல்சி ஒருத்திதான் என்று ஆகிவிட்டது. அறிவுள்ளவர்கள் யாரும் இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடமாட்டார்கள். யூனாவும் போடவில்லை. ஆனாலும் இந்த முறை மணியடிக்கும் முன்பே டகலை மாடிப்படிக்குத் துரத்திக் கதவைச் சாத்திக்கொண்டாள். "யாரா இருந்தாலும் பரவாயில்லை, தலை கறுப்பா இருந்தா உள்ள அனுப்பு!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். படிக்கட்டு முழுக்க அது எதிரொலித்தது. கீழ்வீட்டு ஜனங்கள் சிரித்தார்கள்.

மணி அடித்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. டகல் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. தலையைப் பார்த்தான், முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிட்டான். வந்து நின்றது லாக்லன். ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் போன அவளுடைய அண்ணன். மோவாயில் தழும்பு, சின்ன வயதில் அவள் எறிந்த இரும்புக் கரண்டியின் தழும்பு. அவனேதான். மேல்கோட்டு ஈரமாக இருந்தது, வெளியே மழை இல்லை, ஆனால் அழுகிற நேரத்தில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

மறுநாள் பாத்திரம் கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இலையுதிர் காலத்தில்தான் அவர்கள் கடலோர நியூஹேவனை விட்டு இந்த மூன்றாம் மாடிக்குக் குடிவந்தார்கள். புது விலாசத்தை அவள் அண்ணனுக்கு எழுதவே இல்லை.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக உறைத்தது. அவன் கையில் கொடுத்த விஸ்கி சன்னல் விளிம்பில் வைத்தபடி இருந்தது. உலர்பழக் கேக்கைத் தொடவில்லை. கேட்டால் பல்வலி என்றான். பேசும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. காய்ந்த தோலை உரிப்பது மாதிரி ஒரு சத்தம். உதடுகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. அவன் பேசுவதும் குறைவு. யூனா பழைய கதைகளை எடுத்தால், "ம்" என்பான், "அப்படியா" என்பான், எங்கோ கேட்ட கதையைக் கேட்பது போல் கேட்டுக்கொண்டிருப்பான். எல்சி வாயைத் திறந்தால் மட்டும் தலையைத் திருப்புவான். எல்சிக்கு வயது ஆறு, வாய்க்கு அறுபது. முன்பல் இரண்டும் விழுந்த இடைவெளி வழியாக விசிலடித்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். அவன் அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் தேதி காலைக் கஞ்சி வேளையில் அவன் எல்சியிடம் கேட்டான்:

"ஊரைக் கொஞ்சம் சுத்திக் காட்டேன். எல்லாத்துக்கும் பேரு சொல்லு."

டகல் கஞ்சி புரையேறச் சிரித்தான். "பொறந்து வளர்ந்தவனுக்கு ஊரைச் சுத்திக் காட்டணுமாம்! கப்பல்ல போய் கொஞ்ச நாள் இருந்தா துரையாயிடுவியா நீ?"

எடின்பரோக்காரன் எவனும் எடின்பரோவைச் சுற்றிப் பார்க்கமாட்டான். அது வெளியூர்க்காரன் வேலை. அதுவும் புத்தாண்டுக்கு மறுநாள், ஊரே தலைவலியோடு படுத்துக்கிடக்கும் நாளில், பாதிக் கடை மூடியிருக்க, பார்க்கக் கல்லும் காற்றும்தான் இருக்கும். ஆனால் எல்சி அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். "நான் காட்டறேன் மாமா! எனக்கு எல்லாம் தெரியும்!"

"நானும் வரேன்," என்றாள் யூனா.

படி இறங்கும்போது டகல் அவள் காதோரம் சொன்னான்: "சொந்த அண்ணன் மேல என்ன சந்தேகம் உனக்கு? கப்பல்ல ஏதாவது வம்பு பண்ணிட்டு ஓடி வந்திருப்பான். ரெண்டு நாள்ல அவனே சொல்லுவான். சாயங்காலம் நான் தேவாலயத்துப் பக்கம்தான் வண்டி ஓட்டுவேன், கால் வலிச்சா ஏறிக்கோங்க."

வம்பாகவே இருக்கட்டும் என்று யூனா வேண்டிக்கொண்டாள். திருடியிருக்கட்டும், எவன் மண்டையையாவது உடைத்திருக்கட்டும். போலீஸ் வரட்டும். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம்.

வெளியே கடலிலிருந்து மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. புகைபோக்கிகளின் கரிப்புகையும், பீர் ஆலைகளில் தானியம் வேகும் இனிப்பு வாடையும், அதற்கடியில் எங்கிருந்தோ மெல்லிய கடற்பாசி வாடையும் கலந்து தெருவோடு வந்தன. கடற்பாசி வாடை காற்றில் இருந்ததா, முன்னால் நடந்த அண்ணனின் மேல்கோட்டில் இருந்ததா என்று அவள் முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். எல்சி சிவப்புக் கையுறை போட்ட கையால் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இழுக்காத குறையாக மேட்டுத்தெருவில் ஏறினாள். இரண்டு பக்கமும் உயர்ந்த கல்வீடுகள். அவற்றுக்கு நடுவே ஆள் ஒருவர் நுழையும் சந்துகள், இருட்டாக, கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு சந்துக்கும் எல்சி பெயர் சொன்னாள். அவன் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னான், பரீட்சைக்குப் படிப்பவன் போல.

செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தின் பக்கத்தில் தரையில் கற்களை இதய வடிவத்தில் பதித்திருக்கிறார்கள். பழைய சிறைச்சாலை இருந்த இடம். ஊர்க்காரர்கள் அதைக் கடக்கும்போது துப்பிவிட்டுத்தான் போவார்கள். நீதிபதி துப்புவார், பால்காரன் துப்புவான், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்ட சீமாட்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் துப்புவாள். சிறுவயதில் இதில் லாக்லனை மிஞ்ச ஆள் கிடையாது. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே நடுக்கல்லில் அடிப்பான். யூனாவுக்கு அவன்தான் கற்றுக்கொடுத்தான். யூனா எல்சிக்குக் கற்றுக்கொடுத்தாள்.

"இதுதான் இதயம் மாமா. இங்க துப்பணும். துப்பினாத்தான் நல்லது. பாருங்க!" பல் போன இடைவெளி வழியாக எல்சி துப்பியது நேராக நடுக்கல்லில் விழுந்தது.

யூனா துப்பினாள். லாக்லன் துப்பவில்லை. கற்களைப் பார்த்தபடி நின்றான்.

"என்ன லாக்கி? மறந்துபோச்சா?" என்றாள் யூனா, விளையாட்டாகக் கேட்பது போல. அவளுடைய குரல் அவளுக்கே நம்பும்படியாக இல்லை.

"வாய் வறண்டிருக்கு," என்றான். நாக்கு ஒட்டிப் பிரிந்தது. இதயத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனான்.

கோட்டை வாசலுக்கு முன்னால் இருக்கும் பெரிய முற்றத்துக்கு அவர்கள் ஏறியபோது ஒரு மணி ஆகவிருந்தது. மூட்டத்துக்குள் வெளியூர்க்காரர்கள் நான்கைந்து பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எல்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்ப பீரங்கி சுடுவாங்க மாமா. தினம் சுடுவாங்க. வெளியூர்க்காரங்க எல்லாம் துள்ளிக் குதிப்பாங்க. நாம குதிக்கமாட்டோம். நாம கடிகாரத்தைத்தான் பார்ப்போம்."

"நாம குதிக்கமாட்டோம். கடிகாரத்தைத்தான் பார்ப்போம்," என்றான் அவன்.

பீரங்கி வெடித்தது.

வெளியூர்க்காரர்கள் துள்ளினார்கள். லாக்லன் ஆற அமர மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான். ஊர்க்காரன். அசல் ஊர்க்காரன். யூனாவின் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. அந்தக் கணத்திலேயே, எல்சி வீறிட்டு அலறிக்கொண்டு வந்து அவள் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"அது என்னம்மா? என்ன வெடிச்சுது? அம்மா, என்ன அது?"

தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

"பீரங்கிடி. நீதானே இப்ப மாமாவுக்குச் சொன்னே?"

"நான் சொல்லலையே," என்றது குழந்தை. கண்ணில் பொய் இல்லை.

லாக்லன் சிரித்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான். "பசிக்குது யூனா. நல்ல பசி. மாவுக்குள்ள கறி வெச்சுச் சுடுவாங்களே, அந்தப் பை கிடைக்குமா எங்கயாவது?"

கோட்டைக்குக் கீழே சந்தைத் திடலில் ஒரே ஒரு கடை திறந்திருந்தது. நெய்யொழுகும் ஆட்டிறைச்சிப் பையை அவன் மூன்று மணி வரை உட்கார்ந்து ஒன்றுக்கு மூன்றாகத் தின்றான், விரலை நக்கினான், தேநீரைச் சத்தமாக உறிஞ்சினான். கடைக்காரியிடம், "போன வருஷம் சுட்ட பையாம்மா இது? பல்லு ஆடுது," என்று வம்பிழுத்தான். அவள் கரண்டியை ஓங்கினாள், அவன் குனிந்தான், கடையே சிரித்தது. இதுதான் லாக்கி. இந்தக் குசும்புக்குத்தான் அம்மா அவனை அடிப்பாள். பல்வலி எங்கே போயிற்று என்று யூனா கேட்கவில்லை. அவள் எல்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்சி பையைத் தொடவில்லை. பாலைத் தொடவில்லை. பேசவும் இல்லை.

"சாப்பிடுடி கண்ணு."

"வேணாம். நாக்கு ஒட்டுதும்மா."

யூனா கையுறையைக் கழற்றி அவள் விரல்களைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. கண்ணாடிக்கு வெளியே மூட்டம் தெருவை விழுங்கிக்கொண்டிருந்தது. சளி பிடித்திருக்கும். குளிரில் நடந்த அலுப்பு. சாமியே, அலுப்பாக மட்டும் இருக்கட்டும்.

"வீட்டுக்குப் போலாம் லாக்கி. புள்ளைக்கு உடம்பு சரியில்லை."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றான், குழந்தையின் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு. "எல்சி குட்டிக்கு ரொம்பப் பிடிச்சதுன்னு ராத்திரி சொன்னாளே. அந்த நாய்."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். என்ன காரணம் சொல்லி மறுப்பது? மேட்டுச் சாலையில் ஏறினார்கள். கல்லறைத் தோட்டத்தின் வாசலருகே தூணின் மேல் அந்தச் சின்ன நாயின் சிலை. செத்துப்போன எஜமானின் கல்லறையை விட்டுப் போகாமல் வருடக்கணக்கில் காத்துக்கிடந்த நாய். எல்சி அதற்கு வாராவாரம் குட்மார்னிங் சொல்லுவாள். கதையை இப்போது மெதுவாக, இடையிடையே நின்று, மாமாவுக்குச் சொன்னாள். "அவரு செத்துப்போனாரு. மண்ணுக்குள்ள வெச்சாங்க. நாய் போகவே இல்ல. அவரு திரும்பி வருவாருன்னு…"

"திரும்பி வருவாருன்னு," என்றான் லாக்லன்.

"அம்மா."

"என்னடா?"

"அந்த நாய் கடிக்குமா?"

குழந்தை சிலையைப் பார்த்துப் பின்வாங்கி நின்றது. முன்பின் பார்க்காத தெருவில் முன்பின் பார்க்காத நாயைப் பார்ப்பது போல. லாக்லன் எட்டி அந்த நாயின் மூக்கைச் செல்லமாகத் தட்டினான். அவன் கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. உதட்டு வெடிப்புகள் மூடியிருந்தன.

எல்சி பேர் சொல்லச் சொல்ல, சொன்னது அவனுக்குப் போகிறது. அவளிடம் இல்லாமல் போகிறது.

பைத்தியக்கார நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் நடந்ததெல்லாம் கண்முன் நின்றது.

"யூனா? யூனா கெடெஸ்தானே?"

மூட்டத்திலிருந்து ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். ஆர்ச்சி கார்கில். லாக்லன் போன அதே கப்பலில் போனவர், கிராண்டன் துறைமுகத்து மனிதர். வருடத்தின் முதல் சந்திப்பு என்பதால் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், ஆனால் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லவில்லை.

"உன்னைப் பார்க்கணும்னு பழைய வீட்டுக்குப் போனேம்மா. காலி பண்ணிட்டாங்கன்னாங்க. எனக்கு வார்த்தையே வரலை, யூனா. லாக்கி மாதிரி ஒரு பயல்…"

"என்ன சொல்றீங்க?"

அவர் முகம் மாறியது. "கம்பெனியிலருந்து எழுதலையா? பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். கடவுளே." தொப்பியைக் கசக்கினார். "நவம்பர்ல, அம்மா. ஐஸ்லாந்துக் கரையில. படகு கவிழ்ந்துருச்சு. மூணு நாள் கழிச்சு நான்தான் கண்டுபிடிச்சேன். அங்க மண்ணெல்லாம் கறுப்பு. கறுப்பு மணல்ல பாதி புதைஞ்சு கிடந்தான், வாயெல்லாம் மணல். இந்தக் கையாலதான் தோண்டி எடுத்தேன். இந்தக் கையாலதான் அங்கேயே மண்ணைத் தள்ளினேன்."

யூனா அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்தாள். கார்கில் அவள் பார்வை போன பக்கம் திரும்பினார்.

சிலையிலிருந்து நகர்ந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் லாக்லன் நின்றான், எல்சியின் கையைப் பிடித்தபடி. "ஆர்ச்சி!" என்று உற்சாகமாகக் கையாட்டினான். "என்னய்யா, கடன்காரனைப் பார்த்த மாதிரி முழிக்கிறே?"

கார்கில் பேயறைந்தவர் போல் நின்றார். லாக்லனிடம் கையை நீட்டவில்லை. அந்த ஊரில் புத்தாண்டுக்குக் கைகொடுக்காமல் எதிரிகூடப் போகமாட்டான். அவர் பின்வாங்கினார், முதுகைத் திருப்பாமல், ஒவ்வொரு அடியாக. மூட்டம் அவரை மூடியது. பிறகு ஓடும் காலடிச் சத்தம் கேட்டது.

யூனா போய் எல்சியின் மறுகையைப் பிடித்தாள். இழுத்தாள்.

"விடு லாக்கி."

"நான் எங்க பிடிச்சிருக்கேன்? அவதான் பிடிச்சிருக்கா."

உண்மை. அவன் விரல்கள் விரிந்துதான் இருந்தன. எல்சியின் சிவப்புக் கையுறை அந்த உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. யூனா இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். கையுறை அவன் கையிலேயே தங்கிவிட்டது, எல்சியின் கை மட்டும் உருவிக்கொண்டு வந்தது.

நடந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பாலத்துச் சாலை. விளக்கு ஏற்றும் நேரம். நாலு மணிக்கே வெளிச்சம் செத்துப்போயிருந்தது. டகலின் பஸ் தேவாலயத்துப் பக்கம் வரும். ஏறிவிடலாம். கதவைச் சாத்திவிடலாம். பின்னால் காலடி. அவசரமில்லாத காலடி. சீட்டி அடித்துக்கொண்டே வந்தான். விசில், பல் போன இடைவெளி வழியாக வரும் விசில். லாக்லனுக்குப் பல்லெல்லாம் இருந்தது.

"எல்சி. பேசுடி. ஏதாவது பேசு."

பேச்சு இல்லை. கழுத்தோரம் மூச்சு பட்டது. சூடில்லாத மூச்சு. கடற்பாசி வாடை.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் கல் இதயம் விளக்கொளியில் நனைந்து மின்னியது. நிறுத்தத்தில் ஆள் இல்லை. லாக்லன் அவளைத் தாண்டிப் போனான். தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றான். தலையைப் பின்னால் சாய்த்தான். கன்னத்தை உப்பினான்.

துப்பினான்.

நடுக்கல்லில் விழுந்தது. அச்சு அசல். சின்ன வயதில் அடித்த அதே அடி.

"மறந்துபோச்சான்னா கேட்டே?" என்று கைகொட்டிச் சிரித்தான். அவள் அண்ணன். சூடான ரத்தமும் ஈரமான வாயுமாக, உயிரோடு. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது; அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பின்னால் அழவேண்டும் என்று அப்போதே தெரிந்தது.

குழந்தையைக் கீழே இறக்கினாள். மண்டியிட்டாள். "எல்சி, துப்பும்மா. காலையில துப்பினியே. இங்க. துப்பு."

எல்சி கற்களைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்திலிருந்து பிரிந்தது. அந்தச் சத்தம். பல் போன இடைவெளியிலிருந்து கறுப்பாக ஏதோ பொடிப்பொடியாக உதிர்ந்து கல்லின் மேல் சிதறியது.

மணல்.

பஸ் வந்து நின்றது. டகல் சன்னல் வழியாகக் கேரட் தலையை நீட்டினான். அவன் முகமெல்லாம் சிரிப்பு. "யூனா! நான் சொன்னேன்ல? பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். பீரங்கி வெடிக்குது, கணப்புல அந்தக் கரி தானா குப்புன்னு பத்திக்குது! என்னா சூடுங்கிறே, வீடே வெதுவெதுன்னு ஆயிடுச்சு. டேய் லாக்கி, நீ ராசிக்காரன்டா! இந்த வருஷம் நமக்கு நல்ல வருஷம்!"

"நல்ல வருஷம்தான்," என்றான் லாக்லன். சிவப்புக் கையுறையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு ஏறினான். கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். "வரலையா?"

யூனா எழுந்திருக்கவில்லை. அவள் விரலை ஒரு சின்னக் கை பிடித்திருந்தது. ஈரமாக, கல்லைப் போல் சில்லென்று. குழந்தையின் கண்கள் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஊரைக் கொஞ்சம் சுத்திக் காட்டேன்," என்றது குழந்தை. "எல்லாத்துக்கும் பேரு சொல்லு."

கையை உதறியிருக்கலாம். எழுந்து பஸ்ஸில் ஏறியிருக்கலாம். இரண்டும் அவள் மனதில் வந்து போயின. வயிற்றில் இருந்தது போனபோது படுக்கையோரம் நின்று, "அழாதேம்மா, நான் இருக்கேன்ல," என்று எல்சி சொன்ன குரலும் வந்தது. யூனா அந்தக் கையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"அதோ பாரு," என்றாள். கையைத் தூக்கிக் காட்டினாள். "மேல பாரு. கிரீடம் வெச்ச மாதிரி கோபுரம். அதுதான் செயின்ட் ஜைல்ஸ். உனக்கு ஞானஸ்நானம் பண்ணின இடம். தண்ணி பட்டதும் நீ அழவே இல்ல, தும்மினே. பாதிரியாரே சிரிச்சுட்டார்."

"செயின்ட் ஜைல்ஸ்," என்றாள் எல்சி. உதட்டில் ஒரு பொட்டு ஈரம் வந்தது. கன்னத்தில் கொஞ்சம் நிறம்.

யூனா தான் சுட்டிய பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். மூட்டத்துக்கு மேலே, கறுப்பாக, பெரிதாக ஏதோ நின்றது. உச்சியில் வளைந்து வளைந்து என்னவோ இருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. ஏன் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்றும் தெரியவில்லை.

விழுங்கப் பார்த்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பிரிந்தது. இந்த முறை சத்தம் அவளுடைய வாயிலிருந்து வந்தது.

"அப்புறம்?" என்றது கையைப் பிடித்திருந்த குழந்தை. "அப்புறம்?"